வீடுகள் பாடம் சொல்லும் கிராமம்!

கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாத சரித்திரம் — குழந்தைகள் பானை செய்து பழகும் மியூசியம்

சென்னைக்குத் தெற்கே ஓர் அதிசய கிராமம் இருக்கிறது.

அங்கே செட்டிநாட்டு வீடு உண்டு. காஞ்சிபுரம் நெசவாளி வீடு உண்டு. குயவர் வீடு உண்டு. கேரளத்து மர வீடு உண்டு. ஆந்திரக் கடற்கரையின் வட்ட வீடும் உண்டு.

ஆனால் அந்த வீடுகளில் குடியிருப்பவர் யாரும் இல்லை! அடுப்பில் உலை கொதிப்பதில்லை. இரவானால் பாய் விரிப்பதில்லை. காலையில் கதவைத் திறக்கிறார்கள். மாலையில் பூட்டி விடுகிறார்கள்.

அப்படியானால் அந்த வீடுகள் எதற்கு?

பாடம் சொல்வதற்கு!

அந்தக் கிராமத்தின் பெயர் தட்சிணசித்ரா. தெற்கின் சித்திரம் என்று பொருள். சென்னையில் இருந்து சுமார் 25 கிலோ மீட்டர் தூரத்தில், முட்டுக்காட்டில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மகாபலிபுரம் போகும் பஸ்சில் ஏறினால் வழியிலேயே இறங்கிக் கொள்ளலாம்.

பத்து ஏக்கர் நிலம். அதில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா ஆகிய பகுதிகளின் பழங்கால வீடுகள் 18 நிற்கின்றன. காலை முதல் மாலை வரை நடந்தால், தென்னாட்டையே ஒரு சுற்றுச் சுற்றி வந்து விடலாம்.

வீடு எப்படி வந்தது?

வீடு நடந்து வருமா? வராது. ஆனால் இந்த வீடுகள் லாரியில் வந்தன.

பழைய வீட்டை இடித்து விட்டுப் புதிய வீடு கட்டுவது ஊருக்கு ஊர் நடக்கிற காரியம். இடிக்கிறவர் மரத்தை விறகுக்கடைக்கோ, பழைய சாமான் வியாபாரிக்கோ போடுவார். கதவு ஒரு பக்கம் போகும். தூண் ஒரு பக்கம் போகும். நூறு வருஷம் நின்ற வீடு ஒரே வாரத்தில் காணாமல் போகும்.

அப்படிப் போக இருந்த வீடுகளை விலை கொடுத்து வாங்கினார்கள். அந்த ஊர் வேலை தெரிந்த ஸ்தபதிகளையும் தச்சர்களையும் கொண்டு பிரித்தார்கள். துண்டு துண்டாக முட்டுக்காட்டுக்குக் கொண்டு வந்தார்கள். முன்பு எப்படி இருந்ததோ, அப்படியே மீண்டும் கூட்டி நிறுத்தினார்கள்.

இந்தக் காரியத்தைத் தொடங்கியவர் டெபோரா தியாகராஜன் என்ற பெண்மணி. அமெரிக்காவில் பிறந்தவர், தமிழ்நாட்டுக்கு மருமகளாக வந்தவர். கிராமங்களைச் சுற்றிப் பார்த்தபோது, நல்ல வீடுகள் அழிவதையும் நல்ல கைகள் வேலையின்றி இருப்பதையும் கண்டார். 1984-ல் மெட்ராஸ் கிராப்ட் பவுண்டேஷன் என்ற ஸ்தாபனம் உருவாயிற்று. 12 வருஷம் பாடுபட்டு, 1996-ம் ஆண்டு டிசம்பர் மாதம் தட்சிணசித்ராவைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார்கள்.

இடத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் தங்கி, ஏழைகளுக்கு ஏற்ற சிக்கன வீடுகளைக் கட்டிப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் அவர்.

சுவீடனில் பிறந்த யோசனை

வீட்டையே மியூசியம் ஆக்கும் இந்த யோசனை உலகத்துக்குப் புதிது அல்ல.

ஐரோப்பாவில் சுவீடன் என்று ஒரு நாடு. அதன் தலைநகர் ஸ்டாக்ஹோம். அங்கே 1891-ல் ஆர்தர் ஹசேலியஸ் என்பவர் "ஸ்கான்சென்" என்ற திறந்தவெளி மியூசியத்தைத் தொடங்கினார்.

அப்போது சுவீடனில் எங்கு பார்த்தாலும் தொழிற்சாலைகள் எழுந்து கொண்டிருந்தன. மக்கள் கிராமத்தை விட்டுப் பட்டணத்துக்கு ஓடினார்கள். இப்படியே போனால் நம் பாட்டன்மார் எப்படி வாழ்ந்தார்கள் என்பதே பேரனுக்குத் தெரியாதே என்று ஹசேலியஸ் கவலைப்பட்டார். நாட்டின் பல பாகங்களில் இருந்தும் வீடுகளைப் பெயர்த்துக் கொண்டு வந்து வைத்தார். வீடு மட்டும் போதாது என்று, அந்த வீட்டில் நடந்த கைவேலைகளையும் செய்து காட்ட ஏற்பாடு செய்தார்.

சாதாரண மியூசியத்தில், "தொடாதே" என்று எழுதி வைத்திருப்பார்கள். இப்படிப்பட்ட மியூசியத்தில், "தொட்டுப் பார், செய்து பார்" என்கிறார்கள். அதுதான் வித்தியாசம்.

ஒரு தூண் சொல்லும் சரித்திரம்

சரித்திரம் என்றாலே பிள்ளைகளுக்குக் கொட்டாவி வருகிறது. ராஜா பெயர், யுத்தம், வருஷம் என்று மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். வேறு என்ன வரும்?

இங்கே ஒரு செட்டிநாட்டு வீட்டுத் தூணைக் காட்டிச் சரித்திரம் சொல்லலாம்.

கை வைத்தால் வழுக்குகிறது. அவ்வளவு வழவழப்பு! இது என்ன மரம்? தேக்கு. செட்டிநாட்டில் தேக்கு விளையுமா? அது வறண்ட பூமி ஆயிற்றே! அப்படியானால் எங்கிருந்து வந்தது? பர்மாவில் இருந்து கப்பலில் வந்தது.

பர்மாவுக்கு இவர்கள் ஏன் போனார்கள்? வட்டிக்கடை வைக்கவும் வியாபாரம் செய்யவும் போனார்கள். பர்மா மட்டுமா? மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனார்கள். அங்கே சம்பாதித்த பணம் இங்கே மாளிகையாக எழுந்தது.

பிறகு என்ன ஆயிற்று? இரண்டாவது உலக யுத்தம் வந்தது. 1942-ல் ஜப்பான் படைகள் பர்மாவைப் பிடித்தன. ஆயிரக்கணக்கான தமிழர்கள் கால்நடையாகவே காடு மலை கடந்து ஓடி வந்தார்கள். வழியில் செத்தவர்கள் பலர். யுத்தத்துக்குப் பிறகும் பழைய தொழில் திரும்பவில்லை. இங்கே பெரிய வீட்டைப் பராமரிக்கப் பணம் இல்லை. ஒரு வீட்டுக்குப் பங்காளிகளோ பலர். கடைசியில் தூணும் கதவும் விலைக்கு வந்தன.

பாருங்கள்! ஒரே ஒரு தூண். அதில் கடல் வாணிபம் இருக்கிறது. உலக யுத்தம் இருக்கிறது. அகதிகளின் கண்ணீர் இருக்கிறது. பாகப்பிரிவினையும் இருக்கிறது!

வீடு ஏன் வட்டமாக இருக்கிறது?

ஆந்திரக் கடற்கரையில், விசாகப்பட்டினம் பகுதியில், வட்டமாக வீடு கட்டுவார்கள். மண் சுவர். கூரை தரையைத் தொடுவது போல் தாழ இறங்கியிருக்கும்.

ஏன் வட்டம்? புயல்தான் காரணம். சதுர வீட்டின் சுவரில் காற்று நேராக மோதும். வட்ட வீட்டில் மோதும் காற்று வழுக்கிக் கொண்டு போய்விடும். தாழ்ந்த கூரைக்குள் காற்றுப் புகுந்து தூக்கவும் முடியாது. இதைக் கண்டுபிடித்தவர்கள் எந்தக் கல்லூரியிலும் படித்தவர்கள் அல்ல. அடி பட்டுப் படித்தவர்கள்.

கேரளத்தில் கோட்டயம் பகுதியைச் சேர்ந்த புதுப்பள்ளியில் இருந்து ஒரு சிரியன் கிறிஸ்தவர் வீடு வந்திருக்கிறது. 1850-ம் ஆண்டைச் சேர்ந்தது. முழுக்க முழுக்க மர வேலை. அந்த வீட்டில் முக்கியமான இடம் எது தெரியுமா? நெல் கொட்டி வைக்கும் பத்தாயம்! வீட்டுக்கு நடு நாயகமாக நெல்லை வைத்திருக்கிறார்கள். நெல்தான் செல்வம் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

சக்கரத்தின் முன்னே

வீடுகளைப் பார்த்து முடித்த பிள்ளைகள் ஓடுவது குயவரின் சக்கரத்துக்கு. இங்கே குறைந்த கட்டணத்தில் அவர்களே மண்ணைப் பிடித்துப் பார்க்கலாம்.

பார்க்கும்போது வெகு சுலபம்! சக்கரம் சுற்றுகிறது. குயவர் விரலை வைக்கிறார். மண் எழும்புகிறது. வயிறு அகலுகிறது. கழுத்துச் சிறுக்கிறது. வாய் விரிகிறது. கண் மூடித் திறப்பதற்குள் பானை!

பிள்ளை கை வைத்தால்? மண் ஒரு பக்கம் சாய்கிறது. கொஞ்சம் அழுத்தினால் கிழிகிறது. அழுத்தாவிட்டால் எழும்பவே மாட்டேன் என்கிறது. குயவர் தம் கையை அந்தச் சின்னக் கைமேல் வைத்து, மண்ணை நடுவுக்குக் கொண்டு வருகிறார். முதல் பாடமே அதுதான். மண் சக்கரத்தின் நட்ட நடுவில் நிற்க வேண்டும். நடு தவறினால் பானை தவறும்.

சக்கரத்தில் வேலை முடிந்ததும் பானை முடிந்து விடுமா? இல்லை. பாதி வேலைகூட முடியவில்லை!

முதலில் நல்ல மண் வேண்டும். ஏரியிலும் குளத்திலும் எடுத்த களிமண்ணில் கல்லும் வேரும் பொறுக்க வேண்டும். மணல் கலந்து காலால் மிதித்துப் பதப்படுத்த வேண்டும். சக்கரத்தில் வனைந்ததை நூலால் அறுத்து எடுக்க வேண்டும். அப்போது பெரிய பானைக்கு அடிப்பாகம் மூடியிருக்காது. கொஞ்சம் காய விட்டு, உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக் கொண்டு, வெளியே மரப் பலகையால் தட்டித் தட்டி அடியை மூட வேண்டும். தட்டத் தட்ட மண் மெலியும், பானை பெருக்கும். ஒரு தட்டுத் தவறினால் ஓட்டை!

பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். உலர்ந்த பின் சூளையில் அடுக்கி, வைக்கோலும் வரட்டியும் விறகும் வைத்து, மேலே மண் பூசிச் சுட வேண்டும். சூளை எரியும்போது மழை வந்து விட்டால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு!

இத்தனை கண்டம் தாண்டி வந்த பானைக்குத்தான் நாம் சந்தையில் ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்கிறோம்.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. தண்ணீர் அதன் வழியே கசிந்து வெளியே வந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளே உள்ள தண்ணீரின் சூட்டை எடுத்துக் கொண்டு போகிறது. மின்சாரம் இல்லாத குளிர்பெட்டி!

நெசவாளியின் வீட்டில்

காஞ்சிபுரம் நெசவாளி வீட்டில் தறிதான் எஜமான். வீட்டின் பெரிய இடம் அதற்கே. குழித்தறி என்றால், நெசவாளி குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, மிதியை மிதித்து நெய்வார்.

காஞ்சிபுரம் பட்டில் உடல் ஒரு நிறம். கரை ஒரு நிறம். இரண்டையும் தறியிலேயே கோத்து நெய்வதற்குக் "கோர்வை" என்று பெயர். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவர் மட்டும் செய்ய முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து இடத்தில் சிறுவர்கள் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் நாடா தள்ளினார்கள். இன்று அந்தப் பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். நல்ல காரியம்தான்! அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். ஆனால் கோர்வைக்குத் துணை ஆள் கிடைப்பது கஷ்டமாகி விட்டது. பெரியவர்களுக்குக் கட்டுப்படியாகும் கூலி கொடுத்தால்தான் அந்த வேலை நிற்கும். பழமையைப் பாராட்டும்போது இந்தக் கணக்கையும் நாம் மறக்கக் கூடாது.

தெலுங்கு நாட்டு நல்கொண்டாவின் நெசவாளி வீடும் இங்கே இருக்கிறது. அங்கே வேறு வித்தை. நெய்வதற்கு முன்பே நூலில் ஆங்காங்கே இறுகக் கட்டுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். கட்டுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது. அந்த நூலை நெய்தால் சேலையில் கோலம் தானாக வரும். எந்த நூலில் எந்த இடத்தில் கட்டுப் போடுவது என்ற கணக்கு முழுவதும் நெசவாளியின் தலைக்குள்ளே!

ஓலையும் பொம்மையும்

பனை ஓலையில் கிளியும் கிலுகிலுப்பையும் செய்யக் கற்றுக் கொடுப்பதைப் பிள்ளைகள் பெரிதும் விரும்புகிறார்கள். சக்கரம் மாதிரி ஓலை கோபித்துக் கொள்வதில்லை. கொஞ்ச நேரத்தில் கையில் ஒரு பொம்மை வந்து விடுகிறது. அதைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

ஓலைக்கு இன்னொரு கதையும் உண்டு. செட்டிநாட்டில் ஆச்சிமார் பனை ஓலையில் "கொட்டான்" முடைவார்கள். கல்யாணச் சீரில் வைப்பதற்காகப் பலவித நிறங்களில் முடைந்த கூடைகள் அவை. காலம் மாறியது. பிளாஸ்டிக் கூடை வந்தது. கொட்டான் முடையத் தெரிந்தவர்கள் சில வயதான பெண்கள் மட்டும் என்ற நிலை ஏற்பட்டது.

காரைக்குடிப் பகுதியில் விசாலாட்சி ராமசாமி என்ற பெண்மணியும் அவரது அறக்கட்டளையும் இதைக் கவனித்தார்கள். தெரிந்த பாட்டிமாரிடம் இருந்து கிராமத்துப் பெண்களுக்குக் கற்றுக் கொடுக்கச் செய்தார்கள். விற்பதற்கும் வழி செய்தார்கள். போக இருந்த வித்தை திரும்பி வந்தது. இன்று அதைக் கொண்டு பெண்கள் சம்பாதிக்கிறார்கள். கற்பவரும் வாங்குபவரும் இருந்தால் கைத்தொழில் சாகாது என்பதற்கு இது ஒரு சாட்சி.

விசேஷ நாட்களில் தட்சிணசித்ராவில் கிராமியக் கலைஞர்கள் ஆடிப் பாடுவதும் உண்டு. தோல்பாவைக் கூத்தைப் பாருங்கள். பதப்படுத்திய ஆட்டுத் தோலில் ராமனையும் ராவணனையும் வெட்டி, சாயம் தீட்டி, வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆட்டுவார்கள். ஒரே கலைஞர் ராமனாகவும் பேசுவார், சூர்ப்பனகையாகவும் பேசுவார். சினிமா வருவதற்கு முன்பு இதுதான் நம் ஊர் சினிமா!

எல்லா வீட்டுக்குள்ளும் போகலாம்

இந்தக் கிராமத்தில் ஒரு விசேஷம் உண்டு. அதைப் பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

இங்கே அக்கிரகாரத்து வீடும், விவசாயி வீடும், குயவர் வீடும், கூடை முடைபவர் வீடும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. எல்லா வீட்டுக்குள்ளும் எல்லாப் பிள்ளைகளும் செருப்பு ஓசை கேட்க ஓடுகிறார்கள்.

அந்தக் காலத்தில் இப்படி ஓட முடியுமா? முடியாது! தெருவுக்குத் தெரு வேலி இருந்தது. கண்ணுக்குத் தெரியாத வேலி. பானை செய்தவரும் கூடை முடைந்தவரும் வாசலோடு நிற்க வேண்டியிருந்தது. அவர்கள் செய்த சாமான் வீட்டுக்குள் போயிற்று. அவர்கள் போக முடியவில்லை.

பழைய வீட்டின் அழகைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது சரித்திரம். அழகை மட்டும் சொன்னால் பாதிச் சரித்திரம்.

ஒரு மணி நேரம் போதுமா?

"ஒரு மணி நேரம் மண்ணைப் பிசைந்தால் குயவர் ஆகிவிட முடியுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆக முடியாது. பல வருஷம் பழக வேண்டிய வித்தை அது. மியூசிய வகுப்பு மட்டும் கைத்தொழிலைக் காப்பாற்றி விடாது.

குயவருக்கு ஏரி மண் கிடைக்க வேண்டும். அதற்கு அனுமதி வாங்க அலைந்தே பலர் சலித்துப் போனார்கள். 2024-ல் தமிழக அரசு இந்த நடைமுறையைச் சுலபம் ஆக்கியது. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று மண் எடுக்கலாம் என்று அறிவித்தது. மண் கிடைத்தால் மட்டும் போதுமா? சரக்கு விற்க வேண்டும். பொங்கல் பானை, கார்த்திகை விளக்கு, நவராத்திரி பொம்மை என்று பண்டிகைக்குப் பண்டிகை மட்டும் வியாபாரம் நடந்தால், மற்ற நாட்களில் அடுப்பு எப்படி எரியும்? தகப்பன் படும் பாட்டைப் பார்த்த மகன் வேறு வேலைக்குப் போகிறான். அவனைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அப்படியானால் இந்த வகுப்பால் என்ன லாபம்?

லாபம் உண்டு. கோணல் பானை செய்த பிள்ளைக்கு, நேர் பானை எவ்வளவு கஷ்டம் என்று தெரிகிறது. கை வேலை தாழ்ந்த வேலை அல்ல, மூளை வேண்டிய வேலை என்று தெரிகிறது. பக்கத்தில் நின்று பார்க்கும் தாய்க்கும் அது தெரிகிறது. அடுத்த முறை சந்தையில் பானை வாங்கும்போது அவர் பேரம் பேசுவதற்கு ஒரு நிமிஷம் யோசிப்பார்.

கலைஞருக்கும் லாபம் உண்டு. ஊரில், "இன்னும் இந்தத் தொழிலைத்தான் பிடித்துக் கொண்டிருக்கிறாயா?" என்று கேட்பார்கள். இங்கே பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். இங்கே அவர் வாத்தியார்! அவர் செய்த பொருளை அவரிடமே வாங்கிக் கொள்ளவும் வசதி இருக்கிறது. இடையில் தரகர் இல்லை.

உங்கள் ஊரிலும் உண்டு

எல்லோரும் முட்டுக்காட்டுக்குப் போக முடியாது. வேண்டியதும் இல்லை.

சென்னை எழும்பூரில் 1851-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் கீழடியில் 2023-ம் ஆண்டு மார்ச் மாதம் புதிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கீழடி மண்ணில் கிடைத்த பானை ஓடுகளைப் பாருங்கள். ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய ஓடுகள் அவை. அங்கு கிடைத்த பொருட்கள் கி.மு. 6-ம் நூற்றாண்டு வரை பழமையானவை என்று தமிழகத் தொல்லியல் துறை 2019-ல் அறிவித்தது. அந்த நாளிலேயே பானையில் தன் பெயரை எழுதத் தெரிந்த மனிதன் இருந்திருக்கிறான்! அந்தப் பானையைச் செய்தவனும் சக்கரத்தின் நடுவில் மண்ணை நிறுத்தத்தான் முதலில் பாடம் படித்திருப்பான்.

பல மாவட்டத் தலைநகரங்களிலும் அரசு அருங்காட்சியகம் உண்டு. லீவு நாளில் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு போங்கள். பயிற்சி வகுப்பு நடக்கிறதா என்று கேளுங்கள்.

அதுவும் முடியாதா? உங்கள் வீட்டுப் பரணில் ஏறுங்கள். மரக்கால் இருக்கும். முறம் இருக்கும். உரல் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கும். பாட்டி உயிரோடு இருந்தால், அவற்றை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பேரப்பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். பக்கத்து ஊரில் சக்கரம் சுற்றுகிறவர் இருந்தால், ஒரு நாள் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். வரும்போது ஒரு பானை வாங்கி வாருங்கள்.

விலை சொன்னால் சொன்னபடி கொடுங்கள்.

(தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் போகலாம். சாவகாசமாகச் சுற்றிப் பார்க்கக் காலையிலேயே போய்விடுவது நல்லது.)